‘தொண்டி’ என்று தேடினால் பாதிதான் வருகிறதா? கிராஃப் தரவுத்தளத்தின் முழு உரை இண்டெக்ஸைப் பழுதுபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனில் ஒரு மீனவர் சங்கத்தின் பழைய பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றும் வேலையில் நான் உதவி வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போதுதான் சங்கத்தாருக்கு ஏடுகளைத் தேடி எடுத்துத் தர நேரம் இருக்கும். ஆகவே தரவு முழுவதும் அந்த இரண்டு மாதங்களில் மொத்தமாக வந்து சேர்ந்துவிடும். படகு, உரிமையாளர், இறங்குதளம், வலை, மீன், ஊர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் அவற்றை நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்தில் கணுக்களாகவும் உறவுகளாகவும் வைத்திருக்கிறோம். ஒரு தடைக்காலம் முடிந்த கையோடு சங்கத்துக் கணக்கர் அழைத்து, “தம்பி, தொண்டின்னு அடிச்சா பாதிப் படகுதான் வருது, மீதி எங்க போச்சு?” என்று கேட்டார். அன்றிரவு நான் செய்த முதல் காரியமே தவறு. இண்டெக்ஸ், அதாவது சொற்களைத் தேட உதவும் அடைவு, கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டி, அதை அழித்துவிட்டு மறுபடி கட்டினேன். மூன்றாம் முறை கட்டிய பிறகும் அதே பாதிப் படகுகள்தான் வந்தன. இண்டெக்ஸ் தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகத்தான் இருந்தது.

தமிழ்த் தரவில் முழு உரைத் தேடல் தவறும்போது குற்றவாளி பெரும்பாலும் இண்டெக்ஸ் அல்ல. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் கணினிக்கு வேறு வேறாக இருப்பதுதான் காரணம். ஆகவே இங்கே சொல்லும் வரிசை, தரவு, அனலைசர் (உரையைச் சொற்களாக நறுக்கும் பகுதி), வினவல், கடைசியில் இண்டெக்ஸ் என்று அமைகிறது. இண்டெக்ஸை முதலில் அழிப்பவர், அது எந்த நிலையில் இருந்தது, என்ன பிழைச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது என்ற தடயத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்.

தொடங்கும் முன்: இந்த இண்டெக்ஸ் எப்படி இயங்குகிறது

நியோ4ஜேயின் முழு உரை இண்டெக்ஸுக்கு உள்ளே இருப்பது அபாச்சி லூசீன் என்னும் தேடல் நூலகம். ஒரு கணுவின் பண்பில் உள்ள உரையை அனலைசர் சிறு சிறு டோக்கன்களாக நறுக்கும். எந்த டோக்கன் எந்தக் கணுவில் இருக்கிறது என்ற பட்டியலை லூசீன் வைத்துக்கொள்ளும். தேடும்போது வினவலும் அதே முறையில் நறுக்கப்பட்டு, அந்த டோக்கன்கள் பட்டியலில் பார்க்கப்படும். இந்த மூன்று இடங்களில் எங்கே பிசகினாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றுதான்: கேட்டது வரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பலர் பொழுதை வீணாக்குவது இதில்தான். சாதாரண மேட்ச் வினவலில் கன்டெயின்ஸ் என்று எழுதினால் முழு உரை இண்டெக்ஸ் பயன்படாது. அதற்கென்று உள்ள ‘டிபி.இண்டெக்ஸ்.ஃபுல்டெக்ஸ்ட்.குவெரிநோட்ஸ்’ என்ற செயல்முறையை நீங்களே அழைக்க வேண்டும். கன்டெயின்ஸுக்கு உதவுவது டெக்ஸ்ட் இண்டெக்ஸ் என்னும் வேறு வகை. பெயர்கள் நெருக்கமாக இருப்பதால் ஒன்றை உருவாக்கிவிட்டு மற்றொன்றை எதிர்பார்ப்பது எளிதில் நடக்கிறது. அதேபோல, 3.5 பதிப்புக் காலத்துக் குறிப்புகளில் இண்டெக்ஸை உருவாக்கவும் ஒரு செயல்முறையை அழைக்கச் சொல்லியிருப்பார்கள். 4.3 முதல் அதற்குத் தனிக் கட்டளை வந்துவிட்டது, 5.0-இல் பழைய செயல்முறை நீக்கப்பட்டுவிட்டது.

முதல் படி: தொலைந்த ஒரு கணுவைக் கையில் பிடியுங்கள்

“தேடல் சரியில்லை” என்ற பொதுப் புகாரை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. வர வேண்டியது, ஆனால் வராதது என்று உறுதியாகத் தெரிந்த ஒரே ஒரு கணுவை எடுத்து, அதன் உள் அடையாள எண்ணைக் கொண்டு நேரடியாக அழைத்து, அதன் லேபிள்களையும் (கணு எந்த வகை என்று சொல்லும் பெயர்கள்) பண்புகளையும் அச்சிட்டுப் பாருங்கள். அதனருகிலேயே, ஒழுங்காகத் தேடலில் வரும் இன்னொரு கணுவையும் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கப்போகின்றன.

லேபிளும் பண்பின் பெயரும் இண்டெக்ஸின் வரையறையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ‘படகு’ என்ற லேபிளுக்கு இண்டெக்ஸ் இருக்கும்போது இறக்குமதிக் கோப்பு ‘படகுகள்’ என்று லேபிள் இட்டிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அந்தக் கணுக்கள் சத்தமில்லாமல் வெளியே நிற்கும். பண்பின் மதிப்பு உரையாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எண்ணாகப் பதிவான மதிப்பை முழு உரை இண்டெக்ஸ் எடுத்துக்கொள்ளாது. உரைகளின் பட்டியலையும் பழைய பதிப்புகள் எடுத்துக்கொள்ள மாட்டா. எங்கள் தொகுப்பில் வலைக்கண்ணின் அளவு சில ஏடுகளில் எண்ணாகவும் சிலவற்றில் ‘மி.மீ.’ சேர்த்த உரையாகவும் ஏறியிருந்ததால், பிந்தையவை மட்டும் தேடலில் வந்துகொண்டிருந்தன.

இரண்டாம் படி: எழுத்துக்களை எண்ணுங்கள்

இந்தப் படியில் சற்று நிற்க வேண்டும். தொலைந்த கணுவின் ஊர்ப்பெயருக்கு, நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரின் ‘சைஸ்’ செயற்கூற்றைப் பயன்படுத்தி நீளம் என்னவென்று கேளுங்கள். ‘தொண்டி’ என்ற சொல் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால் விடை 6: த, அதன் மேல் ஒகரக் குறி, ண, புள்ளி, ட, இகரக் குறி. எங்கள் தொலைந்த கணுவில் விடை 7 என்று வந்தது. திரையில் இரண்டு ‘தொண்டி’க்கும் மயிரிழை வேறுபாடு இல்லை.

காரணம் இதுதான். யூனிகோடில் ‘தொ’ என்பதன் ஒகரக் குறியை 3018 என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னால் நிற்கும் கொம்பை 3014 என்றும் பின்னால் நிற்கும் காலை 3006 என்றும் பிரித்து இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்றுதான் யூனிகோடு தரம் சொல்கிறது. ஆனால் லூசீனின் வழக்கமான அனலைசர் அவற்றைத் தானாகச் சமப்படுத்துவதில்லை. ஓகாரத்துக்கும் இதே கதைதான் என்பதால் ‘தனுஷ்கோடி’ 9 ஆகவும் இருக்கலாம், 10 ஆகவும் இருக்கலாம். ஔகாரத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வலப்பக்கக் குறிக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே தட்டிவிடுபவர்கள் உண்டு. அதை எந்த இயல்பாக்கமும் சரிசெய்யாது, ஏனெனில் அது உண்மையிலேயே வேறு எழுத்து.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்பதற்கு முன்பு அலுவலகங்களும் அச்சகங்களும் பலவித எழுத்துருக்களில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. அந்த எழுத்துருக்களில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணில் படும் வரிசையில்தான் உரை சேமிக்கப்பட்டிருக்கும். அவற்றை யூனிகோடாக்கும் மாற்றிகளில் சில, கொம்பையும் காலையும் ஒன்றாக்காமல் அப்படியே விட்டுவிடுகின்றன. இன்னொரு வழி, மேக் கணினியின் கோப்புப் பெயர்கள். அதன் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே வைத்துக்கொள்ளும். ஸ்கேன் செய்த ஏடுகளின் கோப்புப் பெயரிலிருந்து ஊர்ப்பெயரை எடுத்ததுதான் நாங்கள் சிக்கிக்கொண்ட வழி.

இதற்கு மருந்து, பிரிந்த குறிகளை ஒரே குறியெண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி என்னும் இயல்பாக்கம். நியோ4ஜே 5.17 முதல் சைஃபரிலேயே ‘நார்மலைஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இறக்குமதிக்கு முன்பு பைத்தானிலோ ஜாவாவிலோ இதைச் செய்துகொள்ளலாம். தரவுக்கு மட்டும் செய்துவிட்டு வினவலை மறந்துவிடாதீர்கள்; பயனர் தேடல் பெட்டியில் ஒட்டும் சொல்லும் அதே வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

நீளம் சமமாக வந்தும் பொருந்தாத சொற்கள் உண்டு. ‘ஸ்ரீ’ என்ற கூட்டெழுத்தைப் பழைய முறையில் ‘ஸ’வைக் கொண்டும் புதிய முறையில் ‘ஶ’வைக் கொண்டும் எழுதுவார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும், நீளமும் 4 என்றே வரும், இயல்பாக்கமும் இவற்றைத் தொடாது. தமிழ் எண் ௭-ஐ ‘எ’ என்றும் ௧-ஐ ‘க’ என்றும் எடுத்துக்கொண்ட ஓசிஆர் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பிழைகளும் இந்த வகைதான். இவற்றுக்கு ஒவ்வொன்றாக மாற்று விதி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

நீளம் கூடுதலாக வந்து, ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ சொல்லில் இல்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். அவற்றில் 8204 என்ற குறியெண் கொண்ட இணைப்பு விலக்கி சொல்லின் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வேறொரு டோக்கனை உருவாக்கும்; 8203 என்ற அகலமில்லா இடைவெளியோ சொல்லை இரண்டாக வெட்டிவிடும். வலைப்பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டிய தரவில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் இறக்குமதியின்போதே களைந்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: அனலைசர் எப்படி வெட்டுகிறது என்று பாருங்கள்

எழுத்துக்கள் சரியாக இருந்தும் தேடல் தவறினால் அடுத்து அனலைசர். இண்டெக்ஸ் பட்டியலைக் கேட்கும் ‘ஷோ ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸஸ்’ கட்டளையில் அமைப்புகளையும் சேர்த்துக் காட்டும்படி கேட்டால் எந்த அனலைசர் என்று தெரிந்துவிடும். நீங்கள் எதையும் குறிப்பிடாமல் விட்டிருந்தால், தவிர்சொற்கள் (தேடலில் ஒதுக்கிவிடும் பொதுச் சொற்கள்) இல்லாத ஸ்டாண்டர்டு அனலைசர் இருக்கும். தமிழுக்கு அது பெரும்பாலும் போதும், ஏனெனில் யூனிகோடின் சொல்லெல்லை விதிகளின்படி வெட்டும் அந்த அனலைசர் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும்.

ஆபத்தானது ‘சிம்பிள்’ என்ற அனலைசர். பெயரைப் பார்த்து எளிமையானது என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எழுத்து என்ற வகையில் சேராத எதைக் கண்டாலும் அது வெட்டும். யூனிகோடில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. விளைவு, ‘இராமேஸ்வரம்’ என்ற சொல் ‘இர’, ‘ம’, ‘ஸ’, ‘வரம’ என்று நான்கு துண்டாகும். ‘பாம்பன்’ என்பது ‘ப’, ‘ம’, ‘பன’ என்று மூன்றாகும். வினவலும் இதே போல நறுக்கப்பட்டு, ஏதாவது ஒரு துண்டு பொருந்தினாலே போதும் என்ற முறையில் தேடப்படுவதால், இராமேஸ்வரம் என்று கேட்டவருக்கு ‘ம’ என்ற ஒற்றைத் துண்டின் பெயரால் பாம்பனும் மூக்கையூரும் வந்து நிற்கும். அதே நேரத்தில் ‘இராமேஸ்வ*’ என்று நட்சத்திரக் குறியிட்டுத் தேடினால் ஒன்றும் வராது, ஏனெனில் நட்சத்திரம் இட்ட சொல் துண்டாக்கப்படுவதில்லை. அப்படித் தொடங்கும் டோக்கனும் இண்டெக்ஸில் இல்லை. முழுச் சொல்லுக்கு வெள்ளம், நட்சத்திரத்துக்கு வறட்சி என்று இரண்டு அறிகுறிகளும் ஒன்றாகத் தெரிந்தால் வேறு எதையும் ஆராய வேண்டாம், அனலைசரை மாற்றுங்கள். ‘ஸ்டாப்’ என்ற அனலைசரும் இதே வழியில்தான் வெட்டும்.

‘வைட்ஸ்பேஸ்’ அனலைசர் இடைவெளியில் மட்டும் வெட்டுவதால் ‘பாம்பன்,’ என்று காற்புள்ளியோடு வந்தது ‘பாம்பன்’ என்பதோடு பொருந்தாது. கூடவே, சொற்செயலிகள் போடும் பிரியா இடைவெளியையும் அது இடைவெளியாகக் கருதுவதில்லை.

எந்த அனலைசர்கள் கிடைக்கும் என்பதை ‘லிஸ்ட்அவைலபிள்அனலைசர்ஸ்’ என்ற செயல்முறை பட்டியலிடும். நான் பயன்படுத்தும் பதிப்பின் பட்டியலில் இந்தி இருக்கிறது, தமிழைக் காணவில்லை. இந்தி அனலைசரைத் தமிழுக்குப் போட்டால் ஏதாவது நன்மை விளையும் என்று எண்ண வேண்டாம். அது தேவநாகரியின் ஈறுகளைத்தான் அறியும். இருக்கும் இண்டெக்ஸின் அனலைசரை மாற்றவும் முடியாது. புதிதாகத்தான் கட்ட வேண்டும்; அது கடைசிப் படியில் வரும்.

நான்காம் படி: வினவலை லூசீனின் கண்ணால் படியுங்கள்

தேடல் பெட்டியில் பயனர் எழுதுவது வெறும் சொல் என்று நாம் நினைக்கிறோம். லூசீனுக்கு அது ஒரு சிறு நிரல். இந்தக் கரையில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு படகின் பதிவு எண். ‘ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்’ என்று தொடங்கி இறுதியில் வரிசை எண் வரும் இந்த எண்ணை (படகின் மேல் ஆங்கில எழுத்துக்களில்தான் இருக்கும்) அப்படியே பெட்டியில் இட்டால், ஸ்டாண்டர்டு அனலைசர் இடைக்கோடுகளில் வெட்டி ஐந்து டோக்கன்களாக்கும். ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் என்பதே இயல்பான விதி என்பதால், முதல் நான்கு துண்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் அத்தனை படகுகளும் திரையில் வரும். அதே எண்ணைச் சாய்கோடுகளால் பிரித்து எழுதுபவர்களும் உண்டு. லூசீனில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பது வடிவக்கோவை (ரெஜெக்ஸ்) என்று பொருள். சாய்கோடு இரட்டைப்படையில் இருந்தால் வேறொரு பொருளில் தேடிவிட்டு மௌனமாக இருக்கும், ஒற்றைப்படையில் இருந்தால் பிழை எறியும். இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் துண்டுகள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்று ஆகி, சரியான படகு கிடைக்கும். ஆனால் என் கருத்தைக் கேட்டால், பதிவு எண்ணை முழு உரைத் தேடலுக்கு அனுப்புவதே தவறு. அது அடையாளம், உரை அல்ல. சாதாரண ரேஞ்ச் இண்டெக்ஸும் சம ஒப்பீடும் அதற்குப் போதும்.

முக்காற்புள்ளியும் இப்படித்தான் ஏமாற்றும். ‘பாம்பன்: தெற்குவாடி’ என்று எழுதினால், ‘பாம்பன்’ என்ற பெயருடைய பண்பில் ‘தெற்குவாடி’யைத் தேடு என்று அது எடுத்துக்கொள்ளும், அப்படியொரு பண்பு இல்லாததால் பிழையும் இல்லை, விடையும் இல்லை. பிறை அடைப்பு, பகர அடைப்பு, வியப்புக்குறி, கேள்விக்குறி, அலைக்குறி, கூட்டல், கழித்தல், சாய்கோடு ஆகியவை எல்லாமே சிறப்புக் குறிகள். பயனர் எழுதியதை அனுப்பும் முன்பு ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு சேர்க்கும் ஒரு சிறு செயற்கூற்றை உங்கள் செயலியில் எழுதி வையுங்கள்.

வேற்றுமை உருபுகள்தான் தமிழ்த் தேடலின் நிரந்தரத் தலைவலி. ஏட்டில் ‘பாம்பனில்’ என்றும் ‘மண்டபத்திலிருந்து’ என்றும் எழுதியிருக்கும்போது ‘பாம்பன்’, ‘மண்டபம்’ என்று தேடினால் கிடைக்காது. ‘பாம்பன்*’ என்று நட்சத்திரம் இட்டாலும் கிடைக்காது; உருபு சேரும்போது ஈற்றுப் புள்ளி போய்விடுகிறதல்லவா? ஆகவே புள்ளியைக் கழற்றிவிட்டு ‘பாம்பன*’ என்று தேடுங்கள். ‘பாம்பன்’, ‘பாம்பனில்’, ‘பாம்பனுக்கு’ மூன்றும் வரும். மகர ஈற்றுச் சொற்களில் ஈற்று எழுத்தையே விட்டுவிட்டு ‘மண்டப*’, ‘தங்கச்சிமட*’ என்று இட வேண்டும், ஏனெனில் அங்கே ‘ம்’ போய் ‘த்து’ வந்துவிடுகிறது. ஆசையில் இன்னும் ஓர் எழுத்தைக் குறைத்து ‘பாம்ப*’ என்று இட்டால் பாம்புகளும் வந்து சேரும். இந்த இரண்டு விதிகளையும் செயலியிலேயே எழுதி, பயனர் அறியாமல் வினவலை மாற்றிக்கொள்வது எங்கள் சங்கத்தில் நல்ல பயன் தந்தது.

எழுத்து வேறுபாடுகளுக்கு அலைக்குறி கைகொடுக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். லூசீனின் தோராயத் தேடல் அதிகபட்சம் 2 மாற்றங்களை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். ‘ராமேஸ்வரம்’ என்பதற்கும் ‘இராமேஸ்வரம்’ என்பதற்கும் 1 வேறுபாடு. ‘இராமேஸ்வரம்’, ‘இராமேசுவரம்’ இடையே 2. ஆனால் ‘ராமேஸ்வரம்’, ‘இராமேசுவரம்’ இடையே 3 ஆகிவிடுவதால் ஒன்றைக் கேட்டால் மற்றது வராது. குட்டைச் சொற்களிலோ நிலைமை தலைகீழ். ‘சூடை~’ என்று மீனைத் தேடினால் இரண்டே மாற்றத்தில் ‘சாளை’யும் வரும், ‘வாடை’க் காற்றும் வரும். ஐந்து குறியெண்ணுக்குக் குறைந்த சொல்லுக்கு அலைக்குறியைச் செயலி தானாகச் சேர்க்கக் கூடாது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

‘கடற்பாசி’, ‘கடல்பாசி’, ‘கடல் பாசி’ என்று மூன்று விதமாக எழுதுவது இந்தக் கரை முழுக்க உண்டு. முதல் இரண்டும் ஓர் எழுத்தில் வேறுபடுவதால் அலைக்குறியில் அகப்படும். மூன்றாவது இரண்டு டோக்கன்கள், அது அகப்படாது. இதை வினவலில் தீர்க்க முயலாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: தேடலுக்கென்று தனிப் பண்பு, பெயர்களுக்கென்று தனிக் கணு

மூல ஏட்டில் உள்ளதை உள்ளபடியே ஒரு பண்பில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஆவணம், அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை. அதனருகே ‘தேடல்_உரை’ என்ற இன்னொரு பண்பை வைத்து, இயல்பாக்கிய, மறை எழுத்துக்கள் நீக்கிய, ‘ஸ்ரீ’ ஒருமுகமாக்கிய, ‘கடல் பாசி’யை ‘கடற்பாசி’ ஆக்கிய வடிவத்தை அதில் எழுதி, இண்டெக்ஸை அதன் மேல் மட்டும் கட்டுங்கள். வினவலும் அதே விதிகளின் வழியே செல்ல வேண்டும் என்பதால் விதிகள் ஒரே நிரல் கோப்பில் இருப்பது முக்கியம். இரண்டு இடத்தில் எழுதினால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறாகிவிடும். யாராவது வேறு கருவி வழியாக மூலப் பண்பை மட்டும் எழுதிவிட்டுப் போனால் தேடல் உரை இல்லாத கணுக்கள் பெருகும். அவை எத்தனை என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

எந்த அனலைசராலும் எந்த விதியாலும் தீராதது பெயர் வழக்கு. இராமநாதபுரத்தை ‘முகவை’ என்று எழுதியவரும் உண்டு, ‘ராம்நாடு’ என்று எழுதியவரும் உண்டு. வஞ்சிரத்தை நெய்மீன் என்பார்கள்; ‘சீலா’ என்ற பெயர் கரைக்குக் கரை வேறு வேறு மீனைக் குறிக்கும். வெறும் தேடல் இயந்திரத்தில் இதற்கு ஒருபொருட்சொல் கோப்பு எழுதுவார்கள். அதில் ‘சீலா’வுக்குப் பொருள் கொடுத்தாலும், எந்தக் கரையில் எந்தப் பொருள் என்று சொல்ல முடியாது. நம் கையில் இருப்பது கிராஃப் அல்லவா? ஒவ்வொரு வழங்குபெயரையும் தனிக் கணுவாக்கி, முழு உரை இண்டெக்ஸை அந்தப் பெயர்க் கணுக்களின் மேல் கட்டி, அங்கிருந்து உறவு வழியாக மீனுக்கோ ஊருக்கோ செல்லுங்கள். எந்தக் கரையில் வழங்கும் பெயர் என்பதை உறவின் பண்பாக வைத்துவிட்டால், மூக்கையூர்ப் பதிவில் வரும் சீலாவும் தொண்டிப் பதிவில் வரும் சீலாவும் குழம்பாது.

ஆறாம் படி: முடிவுகள் வந்தும் காணாமல் போவது

செயல்முறைக்கு 10 முடிவுகள் போதும் என்று வரம்பு கொடுத்துவிட்டு, பிறகு ‘வேர்’ (WHERE) நிபந்தனையில் ‘வடகடல் படகுகள் மட்டும்’ என்று வடிகட்டினால், அந்தப் பத்தில் வடகடல் படகே இல்லாதபோது விடை வெறுமையாக வரும். வடிகட்டிய பிறகே வரம்பு வைக்க வேண்டும்.

மதிப்பெண்ணை வைத்து வெட்டுவதும் இதே வகைத் தவறு. லூசீன் தரும் மதிப்பெண் பிஎம்25 என்ற சூத்திரத்தில் வருவது; அது 0-க்கும் 1-க்கும் நடுவே இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு வினவலின் மதிப்பெண்ணை இன்னொரு வினவலோடு ஒப்பிடவும் முடியாது. குட்டையான உரைக்கு அது சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும். வரிசைப்படுத்த மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஏழாம் படி: இனி இண்டெக்ஸைப் பார்க்கலாம்

இண்டெக்ஸ் பட்டியலில் நிலை என்ற நெடுவரிசையில் மூன்றில் ஒன்று இருக்கும். ‘பாப்புலேட்டிங்’ என்றால் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கிறது. ‘ஆன்லைன்’ என்றால் நிரம்பிவிட்டது. ‘ஃபெயில்டு’ என்றால் முடியாமல் நின்றுவிட்டது. நிற்கும்போது காரணத்தைச் சொல்லும் பிழைச் செய்தி நெடுவரிசை இயல்பாகக் காட்டப்படாது, அதைக் கட்டளையில் ‘யீல்டு’ என்ற சொல்லைச் சேர்த்துக் கேட்க வேண்டும். முழு விவரம் ‘டீபக்’ லாக் கோப்பில் இருக்கும். வட்டில் இடமில்லை என்பதும் அங்கேதான் தெரியும். நூறு விழுக்காடு நிரம்பிவிட்டது என்ற எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வரையறைக்குள் வரும் கணுக்களில் நூறு விழுக்காடு என்றுதான் அதற்குப் பொருள். முதல் படியில் சொன்ன ‘படகுகள்’ அந்தக் கணக்கிலேயே இல்லை.

நிலை ஆன்லைன் என்று இருந்தும் சற்றுமுன் எழுதிய கணு மட்டும் வரவில்லையென்றால், இண்டெக்ஸ் ‘ஈவென்சுவலி கன்சிஸ்டன்ட்’ என்ற அமைப்பில் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்போது பதிவு உறுதியானவுடன் இண்டெக்ஸ் மாறாது, பின்னணியில் மெல்ல மாறும். தடைக்காலத்து மொத்த இறக்குமதி போன்ற வேலைக்கு இது வேகம் தரும். சோதனை செய்யும்போது மட்டும், அது புதுப்பிக்கப்படும் வரை காத்திருக்கும் செயல்முறையை அழைத்துவிட்டுத் தேடுங்கள்.

மழைக்காலத்தில் மின்சாரம் திடீரென்று போய் வழங்கி (சர்வர்) அணைந்திருந்தால், நியோ4ஜே மறுபடி எழும்போது பரிவர்த்தனைப் பதிவுகளைக் கொண்டு தன்னை மீட்டுக்கொள்ளும். அப்படியும் ஐயம் இருந்தால் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, நிர்வாகக் கருவியின் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டி, இண்டெக்ஸும் தரவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உப்புக்காற்றில் வட்டின் இணைப்பு முனைகள் கறுத்துப்போவதும் இங்கே நடக்கிற ஒன்று. ஒரே இண்டெக்ஸ் திரும்பத் திரும்பக் கெட்டால் மென்பொருளை விட்டு வன்பொருளைப் பாருங்கள்.

ஜேனஸ்கிராஃப் என்ற இன்னொரு கிராஃப் தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே முழு உரைத் தேடலை எலாஸ்டிக்சர்ச், சோலார், லூசீன் ஆகியவற்றில் ஒன்று பின்னால் இருந்து செய்கிறது. இண்டெக்ஸ் ‘இன்ஸ்டால்டு’, ‘ரெஜிஸ்டர்டு’, ‘எனேபிள்டு’ என்று படிப்படியாக நகர வேண்டும். முதல் நிலையிலேயே சிக்கிக்கொண்டால், முடிக்கப்படாத பரிவர்த்தனையோ, இறந்துபோயும் பட்டியலில் உயிரோடு நிற்கும் பழைய இன்ஸ்டன்ஸோதான் (ஜேனஸ்கிராஃபின் இயங்கும் பிரதி) பெரும்பாலும் காரணம். திறந்திருக்கும் இன்ஸ்டன்ஸ்களைப் பட்டியலிட்டு, இறந்ததை வலிந்து மூடிய பிறகே அது நகரும்.

எட்டாம் படி: மறுபடி கட்டுவது

இத்தனைக்குப் பிறகும் கட்டத்தான் வேண்டும் என்றால், பழைய இண்டெக்ஸின் வரையறையையும் அமைப்புகளையும் முதலில் ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே லேபிளும் அதே பண்பும் கொண்ட இன்னொரு முழு உரை இண்டெக்ஸைப் பக்கத்தில் கட்ட நியோ4ஜே விடாது. ஆகவே தேடலை நிறுத்தாமல் மாற வேண்டும் என்றால், ஐந்தாம் படியில் சொன்ன புதிய பண்பின் மேல் புதிய பெயரில் கட்டுவதுதான் வசதி. அது ஆன்லைன் நிலைக்கு வந்ததும் செயலியில் இண்டெக்ஸின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றும் முன்பு ஒரு தற்சோதனை: ஐம்பது கணுக்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, ஒவ்வொன்றின் பெயரையும் இரட்டை மேற்கோளுக்குள் இட்டுத் தேடி, அந்தக் கணுவே விடையில் இருக்கிறதா என்று நிரலைக் கொண்டு சரிபாருங்கள். அதோடு, இதுவரை தொல்லை தந்த சொற்களையும் அதில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பட்டியலில் கொம்பும் காலும் பிரிந்த ‘தொண்டி’, இரண்டு வித ‘ஸ்ரீ’, மூன்று வித கடற்பாசி, ‘சூடை’ ஆகியவை இருக்கின்றன. ஒவ்வோர் இறக்குமதிக்குப் பிறகும் இந்தச் சோதனை தானாக ஓடுகிறது. அது முழுதாகத் தேறிய பிறகே பழைய இண்டெக்ஸை அழிக்கிறோம்.